இரு கைகளையும் சேர்த்தால் இடக்கை நின்றுவிடுகிறது: பியானோவைத் தானே கற்பவரின் சந்தேகம்

கேள்வி

வணக்கம். ஆசிரியர் எவரும் இல்லாமல் எட்டு மாதங்களாகப் பியானோ வாசிக்க நானே கற்று வருகிறேன். என்னிடம் இருப்பது 61 கட்டைகள் கொண்ட கீபோர்டு. அதை எழுதும் மேசையின் மீது வைத்து, நாள்தோறும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பயிற்சி செய்கிறேன். இசைக்குறிப்பை நிதானமாகப் படிக்க முடிகிறது. சி மேஜர், ஜி மேஜர் ஸ்கேல்களை ஒவ்வொரு கையாலும் தனித்தனியே தடங்கலின்றி வாசிக்கிறேன்.

இப்போது எடுத்திருக்கும் சிறு பாடத்தில், இடக்கை சி–ஜி–ஈ–ஜி, சி–ஜி–ஈ–ஜி என்று ஒரு பாருக்கு (நான்கு பீட், அதாவது நான்கு தாளத்தட்டுகள் கொண்ட பகுதிக்கு) எட்டுச் சுரங்களை இடைவிடாமல் வாசிக்க, அதன் மேல் வலக்கை மெட்டை வாசிக்க வேண்டும். மெட்ரோனோமை (தாளவேகத்தைத் தட்டிக் காட்டும் கருவியை) நிமிடத்துக்கு 80 ஒலி என்று வைத்து எந்தக் கையைத் தனியே வாசித்தாலும் பிழை வருவதில்லை. இரண்டையும் சேர்த்தால் மட்டும் மூன்றாவது பாரில் இடக்கை நின்றுவிடுகிறது. நிற்காத வேளைகளில் வலக்கையின் தாளத்தையே தானும் வாசிக்கத் தொடங்கிவிடுகிறது. மூன்று வாரங்களாக இந்த ஒரே பாரைத் தாண்ட முடியவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் இடது முன்கையில் வலியும் எடுக்கிறது. எனக்கு வயது முப்பத்தெட்டு. வயதுதான் காரணமா, கீபோர்டு காரணமா, அல்லது பயிற்சி செய்யும் முறையிலேயே தவறு இருக்கிறதா? அறிந்தவர்கள் வழிகாட்டினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் பதில்

நண்பரே, விடை சொல்வதற்கு முன் சில விவரங்கள் தேவைப்படுகின்றன. மூன்றாவது பாரில் வலக்கையின் தாளம் என்ன? இடக்கையின் எட்டுச் சுரங்களுக்கும் எந்தெந்த விரல்களைப் பயன்படுத்துகிறீர்கள்? இரு கைகளையும் சேர்க்கும்போது என்ன வேகத்தில் தொடங்குகிறீர்கள்? கீபோர்டின் கட்டைகள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன? பெடல் பயன்படுத்துகிறீர்களா?

கேட்டவர்

உடனே கவனித்தமைக்கு நன்றி. அந்தப் பாரில் வலக்கைக்கு மூன்றே சுரங்கள்: முதலாவது ஒன்றரை பீட், அடுத்தது அரை பீட், கடைசி இரண்டு பீட். இடக்கையில் பெரும்பாலும் 5-1-3-1 (கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5) என்றுதான் வாசிக்கிறேன், ஆனால் சில வேளைகளில் ஈக்குச் சுட்டுவிரல் போய்விடுகிறது. தாளில் எதையும் குறித்து வைக்கவில்லை. சேர்த்து வாசிக்கும்போது முதலில் 80 வைத்தேன், பிறகு 60ஆகக் குறைத்தேன். அளந்து பார்த்ததில் வெள்ளைக் கட்டைகள் 85 செ.மீ. உயரத்தில் இருக்கின்றன, நாற்காலியின் உயரம் 45 செ.மீ. இடக்கை நிற்கும்போது ஒலி அறுந்துபோகாமல் இருக்கப் பெடலை மிதித்துக்கொள்கிறேன்.

இரண்டாம் பதில்

உங்கள் வயதிலும் கருவியிலும் இந்தச் சிக்கலுக்கான காரணம் இல்லை. உங்கள் விளக்கத்திலேயே காரணம் தெளிவாகத் தெரிகிறது.

வலக்கைக்கு ஒரு வேலை, இடக்கைக்கு வேறொரு வேலை, இரண்டையும் நன்றாகப் பழகினால் தாமாகவே சேர்ந்துகொள்ளும் என்று நம்பித்தான் நம்மில் பலரும் தொடங்குகிறோம். நானும் அப்படி நம்பி ஓராண்டை இழந்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இரு கைகளையும் சேர்த்து வாசிப்பது மூன்றாவதொரு செயல். அதை நீங்கள் இன்னும் பழகவே தொடங்கவில்லை. தனித்தனியே 80இல் வாசிக்க முடிகிறது என்பதால் அந்த மூன்றாவது செயலையும் 60இல் தொடங்குகிறீர்கள். புதிதாகக் கற்கும் ஒன்றுக்கு அது மிக அதிக வேகம்.

உங்கள் மூன்றாவது பாரையே எடுத்துக்கொள்வோம். இடக்கையின் எட்டுச் சுரங்களைத் த-க-தி-மி-த-க-ஜொ-ணு என்று வாயால் சொல்லிப் பாருங்கள். வலக்கையின் முதல் சுரம் ஒன்றரை பீட் நீடிப்பதால் மூன்று எழுத்துகள் அதற்குள் அடங்கிவிடுகின்றன; ஆகவே இரண்டாவது சுரம் நான்காவது எழுத்தான ‘மி’யிலும், மூன்றாவது சுரம் அடுத்த ‘த’விலும் விழுகின்றன. இடக்கை ஒலிக்காத ஒரு கணத்தில் வலக்கைச் சுரம் எதுவும் விழவில்லை என்பதைக் கவனியுங்கள். எனவே இந்தப் பாரில் இரண்டு தாளங்கள் போட்டியிடவில்லை, ஒரே வரிசைதான் இருக்கிறது: சேர்ந்து, இடது, இடது, சேர்ந்து, சேர்ந்து, இடது, இடது, இடது. இதைப் பென்சிலால் இசைக்குறிப்பின் கீழே குறித்துக்கொள்ளுங்கள். இரு கைகளும் சேருமிடத்தில் ஒரு நேர்க்கோடு போட்டால் போதும்.

பிறகு கீபோர்டை விட்டு நகர்ந்து, இரு தொடைகளின் மீதும் இந்த வரிசையைத் தட்டுங்கள். ‘மி’ வரும்போது இடக்கை தயங்குகிறதா என்று பாருங்கள். தயங்கினால், தடை விரல்களில் இல்லை, தாளத்தைப் புரிந்துகொள்வதில்தான் இருக்கிறது என்பது உறுதியாகிவிடும். அதுவரை கட்டைகளைத் தொட வேண்டாம்.

தட்டுவது சீரானதும் மெட்ரோனோமை 60இல் வையுங்கள், ஆனால் ஒவ்வொரு ஒலிக்கும் ஓர் எழுத்து என்று கொள்ளுங்கள். அப்போது ஒரு பார் முடிய எட்டு நொடிகள் ஆகும். பொறுமையைச் சோதிக்கும் வேகம்தான், என்றாலும் அடுத்து எது வருகிறது என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்க அது இடம் தருகிறது. மூன்றாவது பாரையும் நான்காவது பாரின் முதல் சுரத்தையும் மட்டும் வாசித்து நிறுத்துங்கள். அந்த ஒற்றைச் சுரத்தைச் சேர்க்காமல் விட்டால், பார்க்கோட்டில் நிற்பதையே கை பழக்கமாக்கிக்கொள்ளும். ஐந்து முறை தொடர்ந்து பிழையின்றி வந்தால் மெட்ரோனோமை நான்கு அளவு ஏற்றுங்கள். வராவிட்டால் அதே வேகத்தில் இருங்கள்.

விரல்களை 5-1-3-1 என்று இன்றே எழுதி நிலைநிறுத்துங்கள். ஒரு நாள் நடுவிரலும் மறுநாள் சுட்டுவிரலும் போனால், கை ஒவ்வொரு நாளும் வேறொரு பாடத்தைத்தான் கற்கிறது. பெடலையும் சில வாரங்களுக்குத் தள்ளி வையுங்கள், ஏனெனில் எந்த இடைவெளியைக் காதால் கேட்டுத் திருத்த வேண்டுமோ அதையே அது மூடிவிடுகிறது.

மூன்றாம் பதில்

மேலே சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். வலியைப் பற்றி மட்டும் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் தானே கற்பவர்களின் முன்கையையும் மணிக்கட்டையும் பார்த்துத் திருத்த அருகில் ஒருவர் இருப்பதில்லை.

பியானோவில் வெள்ளைக் கட்டைகள் தரையிலிருந்து ஏறத்தாழ 72 அல்லது 73 செ.மீ. உயரத்தில் இருக்கும். உங்களுடையவை பன்னிரண்டு செ.மீ. அளவுக்கு மேலே இருப்பதால், முழங்கை தாழ்ந்து, மணிக்கட்டு வளைந்து, தோள் தூக்கிக்கொண்டுதான் நீங்கள் வாசிக்க முடியும். தாழ்வான தாங்கி ஒன்றை வாங்குங்கள், அல்லது இருக்கையை உயர்த்திக் காலுக்குக் கீழே பலகை போட்டுக்கொள்ளுங்கள். முழங்கை கட்டைகளின் மட்டத்திலோ சற்று மேலேயோ இருக்க வேண்டும்.

அடுத்தது, அந்த சி–ஜி–ஈ–ஜியை விரல்களை மட்டும் தூக்கித் தூக்கி வாசிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். பூட்டில் சாவியைத் திருப்பும்போது முன்கை எப்படிச் சுழல்கிறதோ, அதே சிறு சுழற்சியால் சுண்டுவிரலிலிருந்து கட்டைவிரலுக்கு எடையை மாற்றுங்கள். எட்டில் நான்கு சுரங்கள் கட்டைவிரலுக்கே வருகின்றன. இயல்பிலேயே கனமான விரல் என்பதால் ஜி எப்போதும் உரத்து ஒலித்து மெட்டை மூழ்கடிக்கும். கட்டைவிரலைக் கட்டையின் மேற்பரப்பை விட்டு உயர்த்தாமல் வைத்திருந்தால் ஒலியும் அடங்கும், கையும் களைக்காது. இவற்றுக்குப் பிறகும் வலி தொடர்ந்தாலோ விரல்கள் மரத்துப்போனாலோ, வாசிப்பதை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிப்பது பயிற்சியில் சேராது.

நான்காம் பதில்

கருவியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இரு கைகளைச் சேர்ப்பதற்கு 61 கட்டைகள் தாராளமாகப் போதும். ஆனால் மென்மையாகவும் அழுத்தமாகவும் வாசிக்கப் பழகும் கட்டம் வரும்போது, எடையுள்ள கட்டைகளும் அழுத்தத்துக்கேற்ப ஒலி மாறும் தன்மையும் கொண்ட கருவிக்கு மாறுவது நல்லது. 1700ஆம் ஆண்டளவில், பியானோவை முதலில் உருவாக்கிய கிறிஸ்டோஃபோரி, சுத்தியலால் தந்தியை அடிக்கும் அமைப்பை உருவாக்கியதே விரலின் விசை ஒலியில் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்; எடையற்ற கட்டைகளில் அந்த உணர்வு கைக்குக் கிடைப்பதில்லை.

கேட்டவர் (பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தொடையில் தட்டிய முதல் நாளே ‘மி’யில் இடக்கை நின்றது, விரல்களில் குறையில்லை என்பதை அப்போதுதான் நம்பினேன். நான்கு நாட்கள் தட்டுவதிலேயே போயின. இப்போது எழுத்துக்கு ஓர் ஒலி என்ற கணக்கில் 96 வரை மூன்றாவது பார் நிற்காமல் வருகிறது. இருக்கையை உயர்த்திய பிறகு முன்கை வலி வெகுவாகக் குறைந்திருக்கிறது.

ஆனால் ஐந்தாவது பாரில் இடக்கை டி–ஜி–எஃப்–ஜி என்று மாறுகிறது. அங்கே கையை நகர்த்தும்போது மீண்டும் தடுமாறுகிறேன். மேலும், மொசார்ட் 1788இல் தொடக்க நிலையினருக்கென எழுதிய சி மேஜர் சொனாட்டாவும் இதே இடக்கை அமைப்போடுதான் தொடங்குகிறது என்று அறிந்தேன். அதை அடுத்து எடுக்கலாமா?

இரண்டாம் பதில் அளித்தவர்

மிகவும் மகிழ்ச்சி. ஐந்தாவது பாரில் கையை நகர்த்தவே வேண்டாம். தடுமாற்றம் அந்த நகர்த்தலால்தான் வருகிறது. சுண்டுவிரல் சியிலும் கட்டைவிரல் ஜியிலும் இருக்கும்போது டி மோதிரவிரலின் கீழும் எஃப் சுட்டுவிரலின் கீழும் ஏற்கெனவே இருக்கின்றன. ஆகவே 4-1-2-1 என்று எழுதிக்கொண்டு, நான்காவது பாரின் கடைசி இரண்டு சுரங்களையும் ஐந்தாவது பாரின் முதல் இரண்டு சுரங்களையும் மட்டும் திரும்பத் திரும்ப வாசியுங்கள். பிறகு வலக்கையைச் சேர்க்கும்போது முன்போலவே நேர்க்கோடுகள் போட்டுத் தட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

சொனாட்டாவை இப்போது எடுக்க வேண்டாம். இடக்கையின் தொடக்கம் உங்களுக்குப் பழக்கமானதுதான் என்றாலும், சில பார்களுக்குள்ளேயே வலக்கையில் வேகமான ஸ்கேல்கள் தொடர்ச்சியாக வருகின்றன. கட்டைவிரலை மற்ற விரல்களின் கீழே கடத்தி இரண்டு ஆக்டேவ்களைச் சீராக வாசிக்கப் பழகிய பின் அதைத் தொடுங்கள். அதுவரை, இதே இடக்கை அமைப்பில் வேறு தாளமுள்ள மெட்டுகளாக இரண்டு மூன்று சிறு பாடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஐந்தாவது பார் எப்படி வந்தது என்று எழுதுங்கள்.