மேல்தண்ணீர் வேறு, அடித்தண்ணீர் வேறு: கடலில் நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்

துறைமுகத்தான்:
ஐந்து வருஷமாகியும் இது மனதை விட்டுப் போகவில்லை. கொழும்புத் துறைமுகத்தில் கிளிங்கர் (சீமெந்து அரைக்கும் மூலப்பொருள்) ஏற்றி வந்த கப்பலுக்கு டிராஃப்ட் சர்வே, அதாவது கப்பல் அமிழும் ஆழத்தை (டிராஃப்ட்) வைத்துச் சரக்கின் எடையைக் கணக்கிடுவது, நான் அப்போது பயிற்சியில் இருந்தவன். முதல் நாள் இரவு ஐப்பசி மழை கொட்டித் தீர்த்திருந்தது, பேர வாவித் தண்ணீர் துறைமுகத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கப்பலின் பக்கத்தில் மேலாக ஒரு வாளி அள்ளி, தண்ணீரின் அடர்த்தி காட்டும் நீரமானியை விட்டேன். 1.014. எழுதிவிட்டேன். கப்பலின் தலைமை அதிகாரி தாளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தக்கை போட்ட ஒரு தகரக் குவளையைக் கயிற்றில் கட்டி, டிராஃப்டில் பாதி ஆழம் வரை இறக்கி, கயிற்றைச் சுண்டித் தக்கையைப் பிடுங்கி, நிரம்பியதும் மேலே இழுத்தார். அதே நீரமானி. 1.021. வாளியில் கழுத்தளவு அமிழ்ந்து கிடந்த கண்ணாடித் தண்டு இந்தத் தண்ணீரில் எழும்பி நின்றது, அது இன்னும் கண்ணில் நிற்கிறது. 30,000 தொன் எடையுள்ள கப்பலுக்கு அந்த 0.007 வித்தியாசம் என்பது 200 தொன்னுக்கு மேல். அவ்வளவு சரக்கும் என் கையெழுத்தில் காணாமல் போயிருக்கும்.

கல்கிசை சுழியோடி:
மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும் சந்திக்கும் அந்த எல்லைக்கோட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். களனி கங்கை பெருகி இரண்டு நாள் கழித்து, கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி இறங்கினோம். மேலே இரண்டு மீட்டருக்குத் தேநீர் நிறத் தண்ணீர். அதன் அடியில் ஒரு நெளிவு, சீனிப்பாகைத் தண்ணீரில் ஊற்றினால் இழை இழையாக ஓடுமே, அப்படி. கையை உள்ளே விட்டேன், மணிக்கட்டு வரை மங்கி, விரல்கள் எண்ண முடியாமல் கலங்கிப் போயின. ஆனால் என்னை உலுக்கியது அது இல்லை. எல்லைக்கோட்டைத் தாண்டிக் கீழே போனதும் தண்ணீர் சூடாக இருந்தது. மேலே குளிர், கீழே சூடு. துணையாக வந்தவரும் கையால் அதையே காட்டினார்.

வெள்ளவத்தை அம்மா:
அண்ணா, கீழே சூடாக இருக்க வழியே இல்லையே, சூடான தண்ணீர் மேலேதானே வரும்? பக்கத்தில் ஏதாவது குழாய் வந்து விழுந்திருக்கும். எங்கள் வீட்டுக் கதை வேறு. மகளுக்குப் பத்து வயது. கடற்கரையிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் கொண்டு வந்து, சாதாரணத் தண்ணீர்ப் போத்தலோடு சேர்த்து ஃப்ரீசரில் வைத்தாள். மூன்று மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் சாதாரணத் தண்ணீர் கட்டி, கடல் தண்ணீர் கஞ்சி மாதிரிக் குழம்பிக் கிடந்தது. மேலே மிதந்த ஐஸைக் கரண்டியால் எடுத்து, நான் தடுக்கும் முன்னே நாக்கு நுனியில் வைத்து, "அம்மா, இதில் உப்பே காணாது" என்றாள். அடியில் நின்ற தண்ணீரை வைத்ததும் முகம் சுருங்கிப் போனது. 4 பாகையில்தான் தண்ணீர் கனம் கூட என்று எங்களுக்குப் படிப்பித்ததை அவளுக்குச் சொன்னேன். சரிதானே?

ஓய்வு பெற்ற பௌதிகவியல் ஆசிரியர்:
தங்கச்சி, இரண்டு இடத்தில் திருத்த வேண்டும், கோபிக்க வேண்டாம். 4 பாகை நல்ல தண்ணீருக்கு. ஒரு கிலோ தண்ணீரில் 24.7 கிராமுக்கு மேல் உப்பு இருந்தால் அந்தக் கணக்கு இல்லை, உறையும் வரை கனத்துக்கொண்டே போகும். 35 கிராம் உள்ள கடல் நீர் உறைவது -1.9 பாகையில். உறையும்போது உப்பைத் தள்ளிவிடும், மகள் ருசி பார்த்தது அதைத்தான். துருவக் கடல்களில் அப்படித் தள்ளிய உப்போடு கனத்த குளிர்த் தண்ணீர் அடிக்கு இறங்கிப் பரவுவதால்தான், மேலே 28, 29 பாகை இருக்கும் நம் கடலிலும் 2000 மீட்டர் ஆழத்தில் 3 பாகைக்குக் கிட்ட இருக்கிறது.

சுழியோடித் தம்பி சொன்னது நடக்கக்கூடியதுதான். நம் கடலின் சூட்டில் 1 பாகை ஏறினால் ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடையில் மூன்றில் ஒரு கிலோதான் குறையும். கிலோவுக்கு 1 கிராம் உப்பு கூடினால் முக்கால் கிலோ கூடும். ஆகவே இரண்டு பாகைச் சூட்டை ஒரு கிராம் உப்பு அமுக்கி வைத்துவிடும். வங்காள விரிகுடாவின் மேல்நீரில் 32, 33 கிராம், அரபிக் கடலில் 36, நாம் நடுவில் இருக்கிறோம், பருவக்காற்றோடு நீரோட்டம் திரும்பும்போது இங்கே தண்ணீரும் மாறும். அமுக்கத்தை யாருமே சொல்லவில்லை. 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் கூடும். தண்ணீர் சுருங்காது என்று வகுப்பில் நாங்களே சொல்லிக் கொடுத்தோம், அது சரியில்லை. 4000 மீட்டரில் ஏறக்குறைய 1.7 வீதம் சுருங்கியிருக்கும். சுருங்காவிட்டால் கடல் மட்டமே இன்னும் 30 மீட்டர் அளவில் மேலே நின்றிருக்கும், காலிமுகத்திடல் தண்ணீருக்கடியில்.

துறைமுகத் தம்பி, நீரமானியை வாசிக்க முன் தண்ணீரின் வெப்பநிலையையும் குறியுங்கள், குமிழி ஒட்டியிருந்தால் சுழற்றி உதறுங்கள், வாசிப்பைத் தண்ணீர் மட்டத்தில் கண் வைத்து எடுங்கள், ஒரு இடத்தில் மட்டும் இல்லை, முன், நடு, பின் மூன்றிலும். என் சொந்த அனுபவம் சின்னது. வறட்சிக் காலத்தில் வீட்டுக் குழாய்த் தண்ணீர் கரித்தது. ஆறு மெலிந்தால் கடல் நீர் ஆப்பு மாதிரி ஆற்றின் அடியால் ஏறி வரும். மேலே ஆறு வழக்கம்போலக் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும், பார்த்தால் தெரியாது.

முகத்துவாரப் பேரன்:
படகுக்கு எக்கோ சவுண்டர் (ஒலி அனுப்பி ஆழம் அளக்கும் மெஷின்) வாங்கிய முதல் நாள், அப்பப்பா நம்பவில்லை. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விட்டுக் கையால் பாகம் பாகமாக அளந்தார். சரியாக 40 பாகம், அதாவது 73 மீட்டர். திரையில் 71. மெஷின் பிழை என்று சொல்லிவிட்டார், நான் அவரோடு வாதாடினேன், அதுதான் உறுத்துகிறது. மெஷின் ஒலி விநாடிக்கு 1500 மீட்டர் போவதாக வைத்துக் கணக்குப் போடுகிறது, நம் சூட்டுத் தண்ணீரில் அது 1540க்குக் கிட்ட ஓடும், கெதியாகத் திரும்பி வந்த ஒலியை ஆழம் குறைவு என்று காட்டியிருக்கிறது. பிறகு படித்தபோதுதான் விளங்கியது, அப்பப்பா அப்போது இல்லை.

ஓய்வு பெற்ற பௌதிகவியல் ஆசிரியர்:
தம்பி, நீரோட்டத்தில் கயிறு வளைந்தாலும் பாகம் கூடக் காட்டும், அதையும் கழிக்க வேண்டும்.

முகத்துவாரப் பேரன்:
இல்லை ஐயா. நீரோட்டம் நிற்கும் வரை பார்த்திருந்துதான் குண்டை விட்டார். கயிறு நெட்டாகத்தான் இறங்கியது, நான்தான் பக்கத்தில் விளக்குப் பிடித்தேன்.