புதுப்பிப்பு: குன்னூர் சாய்தளத்தை இடித்துவிட்டார்கள்

குன்னூரில் ஓர் அலுவலக வாசலில் கட்டிய சாய்தளம் சக்கர நாற்காலி ஏறவே முடியாத செங்குத்தாக இருக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேனே, அதை இடித்துவிட்டார்கள், புதிதாகக் கட்டும் வேலை நடக்கிறது!

மனு கொடுத்ததோடு நாங்கள் நிற்கவில்லை. நாற்காலியில் போகிறவர்களும் பார்வையற்ற நண்பர்களும் சேர்ந்து ஒரு மேஸ்திரியைக் கூட்டிப்போய், டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்து, அளந்தே காட்டினோம். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும், அங்கே இரண்டரை அடி உயரத்துக்கு இருந்ததே 9 அடிதான். 30 அடி நேராக விட மலை ஊரில் இடம் ஏது, அதனால் நடுவில் சமதளம் வைத்துத் திருப்பச் சொன்னோம், இருபுறமும் கைப்பிடி, மழையில் வழுக்காத தரை.

மாற்றுத்திறனாளிகள் எளிதாக வந்து போவதற்கான அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மனுவில் சேர்த்தோம், அப்புறம்தான் பேச்சே மாறியது. "ஆள் வைத்துத் தூக்கிவிடுகிறோமே" என்றார் அந்த அலுவலகத்தில் ஒருவர். எனக்குக் கோபம்தான் வந்தது, என் வேலைக்கு நானே போய் வர வேண்டும்.

சரி, அடுத்தது கழிப்பறைக் கதவு, 90 செ.மீ. அகலம் கேட்டிருக்கிறோம். கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் எங்காவது அளக்க வேண்டுமென்றால் சொல்லுங்கள், வருகிறோம்.