பழைய செப்டிக் டேங்கை எதைப் போட்டு மூடினோம்

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு கேட்டை ஒட்டி அப்பா 1994-ல் கட்டிய செப்டிக் டேங்க் இருந்தது. பாதாளச் சாக்கடை இணைப்பு வந்த பிறகு சும்மாதான் கிடந்தது. எட்டடி நீளம், ஐந்தடி அகலம், ஆறடி ஆழம். 240 கன அடி, அதாவது ஏறக்குறைய இரண்டரை யூனிட் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி). மேல் ஸ்லாப்பில் விரிசல் கண்டதும் பயம் வந்துவிட்டது. பிள்ளைகள் ஓடியாடும் இடம்.

மேஸ்திரி, "மூணு யூனிட் சவுடு அடிச்சிடலாம் சார்" என்றார். சவுடு என்பது ஏரிகளில் தோண்டி எடுக்கும் நிரப்பு மண். எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்தக் குழியை மூட வேறெங்கோ ஓர் ஏரியில் குழி தோண்ட வேண்டுமா? அதே வாரம் பக்கத்து வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் செங்கலையும் கான்கிரீட் துண்டுகளையும் லாரி வைத்துப் பெருங்குடியில் உள்ள மாநகராட்சி இடிபாடு மறுசுழற்சி ஆலைக்கு அனுப்புவது அவர்களுக்குச் செலவு. கேட்டதும் சந்தோஷமாகத் தந்தார்கள். பள்ளிக்கரணை சதுப்பு நில ஓரத்தில் இடிபாட்டைக் கொட்டிவிட்டுப் போவதைப் பார்த்து வயிறெரிந்தவன் நான். எங்கள் தெருவிலிருந்து ஒரு லோடாவது அங்கே போகாது.

ஆனால் வந்ததை அப்படியே கொட்டவில்லை. அம்பத்தூரில் அக்கா வீட்டுப் பழைய டேங்கில் மரச்சட்டம், சிமென்ட் சாக்கு எல்லாம் சேர்த்துக் கொட்டி மேலே டைல்ஸ் ஒட்டினார்கள். மரம் மக்கி, இரண்டாவது மழைக்காலத்தில் தரை ஓர் அடி இறங்கிவிட்டது. அதனால் நானும் தம்பியும் ஒரு நாள் முழுக்க மரமும் பிளாஸ்டிக்கும் பொறுக்கினோம். ஆஸ்பெஸ்டாஸ் ஓடு உடைந்து கலந்திருந்த குவியலைத் தொடவே இல்லை. அனல் மின் நிலையச் சாம்பல் மலிவாகக் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார். பின்பக்கம் கிணறு இருக்கிறது. சாம்பலில் உள்ள ஆர்சனிக் போன்றவை தண்ணீரில் கசியலாம் என்பதால் வேண்டாம் என்றேன்.

இதைவிட முக்கியமானது அடித்தளத்தில் ஓட்டை போடுவது. போடாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே தேங்கி, மேல்தரை எப்போதும் சொதசொதவென்று இருக்கும். முதலில் லாரி வைத்து கழிவை உறிஞ்சி, கழுவி, சுண்ணாம்பு தூவினோம். ஸ்லாப்பைப் பெயர்த்துவிட்டு, பக்கத்து வீட்டை இடிக்க வந்திருந்த பிரேக்கர் ஜேசிபியை (கான்கிரீட் உடைக்கும் உளி பொருத்திய இயந்திரம்) அரைமணி நேரம் கேட்டு வாங்கி, வெளியே நின்றபடியே அடியில் ஐந்து இடத்தில் உடைத்தோம். தயவுசெய்து யாரையும் உள்ளே இறக்காதீர்கள். காலியாகத் தெரிந்தாலும் விஷவாயு தங்கியிருக்கும். ஒருவரைக் காப்பாற்ற இறங்கி அடுத்தவரும் போய்விடுகிறார்.

அப்புறம் வேலை சுலபம். அடியில் பெரிய கான்கிரீட் துண்டுகள், மேலே செங்கல் சில்லு. ஓர் அடிக்கு ஒருமுறை கிரஷர் தூள் (ஜல்லி உடைக்கும்போது வரும் கல் தூள்) பரப்பி, இடுக்குகளில் இறங்கும்வரை தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டிப்படுத்தினோம். தூள் அரை யூனிட் மட்டும்தான் விலைக்கு வாங்கினோம். கடைசி ஓர் அடி வீட்டுத் தோட்டத்து மண். டைல்ஸ் உடனே ஒட்டவில்லை. இரண்டு மழைக்காலம் பார்த்தோம், இரண்டு அங்குலம்தான் இறங்கியது. ஐந்தாறு கூடை மண் போட்டுச் சமன் செய்து செம்பருத்தி வைத்திருக்கிறோம்.