பாடுபட்ட சுரூபத்தின் கால்விரலுக்குப் பெயின்ட் அடிக்கலாமா?

மாந்தோப்பு:
கிருஷ்ணகிரி பக்கம் ஒரு சின்னக் கத்தோலிக்கப் பங்கு எங்களுடையது. பெயர் வேண்டாம். பீடத்துக்குப் பின்னால் சுவரில் மரத்தால் ஆன பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் தொங்கும் இயேசுவின் சிலை, ஒன்று இருக்கிறது, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கம்மி. யார் செய்தது, எந்த வருஷம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. என் பாட்டி புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கினபோதே அது அங்கேதான் இருந்ததாம். பெரிய வெள்ளிக்கிழமை அதைக் கீழே இறக்கி, இரண்டு பக்கமும் மெழுகுதிரி வைத்து, வரிசையில் வந்து பாதத்தை முத்தி செய்வோம், முத்தமிடுவதைத்தான் அப்படிச் சொல்வோம். அப்படி முத்தி செய்து செய்தே வலது கால் கட்டைவிரலில் வர்ணம் போய்விட்டது. அதற்கடியில் இருந்த வெள்ளைப் பூச்சும் போய் மரத்தின் ரேகை தெரிகிறது. உலக்கையில் கை பிடிக்கிற இடம் இருக்குமே, அந்த வழவழப்பு.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் அறிவிப்பு வந்தது. திருவிழாவுக்குள் அதை எடுத்துவிட்டு ஆறடி ஃபைபர் சுரூபம் வைக்கிறார்களாம், பின்னால் எல்.இ.டி. ஒளிவட்டத்தோடு. பழையதற்கு எனாமல் பெயின்ட் அடித்துக் கல்லறைத் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். அன்றைக்கு மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் அதிகமாக உணர்ச்சிவசப்படுகிறேனா, சொல்லுங்கள்.

ஊர்க்காரன்:
அக்கா, நானும் அதே பங்குதான். கோயில் காரியங்களைப் பார்க்கிற பங்குப்பேரவையிலும் இருக்கிறேன், அதனால் மீதிப் பாதியை நான் எழுதுகிறேன். இடது கை தோளோடு சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். போன வருஷம் இறக்கும்போது மாவு மாதிரி தூள் கொட்டியது, கரையான் ஏறிவிட்டது. கீழே பாடற்குழுப் பிள்ளைகள் நிற்கிறார்கள். கை கழன்று விழுந்தால் யார் பதில் சொல்வது?

இன்னொன்றும் சொல்லணும். எங்க அப்பா கூலிக்குப் போன வீடுகளில் வாசலோடு நிறுத்தினார்கள். கோயிலுக்கு ஒரு மெழுகுதிரி வாங்கவே காசு எண்ணின குடும்பம். இன்றைக்கு எங்க பிள்ளைகள் ஓசூரிலும் பெங்களூரிலும் சம்பாதித்து அனுப்புகிறார்கள். வீட்டுக்குப் புது டைல்ஸ் போடுகிறோம், ஆண்டவருக்கு மட்டும் விரிசல் விட்டதா? இது பகட்டு இல்லை அக்கா. எங்களாலும் கொடுக்க முடிகிறது என்கிற சந்தோஷம்.

பாலக்கோடு வழிப்போக்கன்:
இரண்டு பேருக்கும் வணக்கம். நானும் கத்தோலிக்கன்தான். புதுச் சுரூபம் எவ்வளவு என்று விசாரித்தேன், விளக்கோடு சேர்த்து ஒரு லட்சத்து முப்பதாயிரமாம். எங்கள் பக்கம் தக்காளி விலை விழுந்த வருஷம் அப்பா அம்மா கட்டட வேலைக்குப் பெங்களூர் போய்விடுவார்கள், பிள்ளைகள் ஆயாவோடு இருக்கும். அதில் எத்தனை பிள்ளை பத்தாவதோடு நிற்கிறது என்று நான் கண்ணால் பார்க்கிறேன், மாலையில் டியூஷன் எடுக்கிறவன். பழையதா புதியதா என்று நீங்கள் அடித்துக்கொள்வதே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நான்காம் நூற்றாண்டிலேயே புனித யோவான் கிறிசோஸ்தோம் மத்தேயு நற்செய்தி மறையுரையில் கேட்டுவிட்டார்: கோயிலுக்குள் கிறிஸ்துவுக்குப் பட்டு உடுத்திவிட்டு, வெளியே குளிரில் துணியில்லாமல் கிடக்கும் அதே கிறிஸ்துவைத் தாண்டிப் போவீர்களா என்று. அழகு என்கிறீர்கள். பழைய ஏற்பாட்டில் எசாயா 53-ஐ எடுத்துப் பாருங்கள், இயேசுவைக் குறிப்பதாக நாம் வாசிக்கிற துன்புறும் ஊழியனுக்குப் பார்க்கத்தக்க தோற்றமே இல்லை என்றுதானே இருக்கிறது?

தருமபுரி வாத்தியார்:
வழிப்போக்கன் தம்பி, கிறிசோஸ்தோமைப் பாதியில் நிறுத்தாதீர்கள். அதே மறையுரையில், கோயிலுக்குக் காணிக்கை கொடுப்பதை நான் தடுக்கவில்லை, அதோடு சேர்த்தும் அதற்கு முன்பும் ஏழைக்குக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன் என்கிறார்.

மாற்கு 14-ஐயும் பாருங்கள். பெத்தானியாவில் ஒரு பெண் நறுமணத் தைலத்தை இயேசுவின் தலையில் ஊற்றுகிறாள். முந்நூறு தெனாரியத்துக்கு மேல் விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கூட இருந்தவர்கள் சீறுகிறார்கள். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. நம் கணக்கில் மூன்று வருஷத்து நூறு நாள் வேலைச் சம்பளம். ஒரே நேரத்தில் ஊற்றிவிட்டாள். அவள் செய்ததை ‘கலோன்’ என்று நற்செய்தி சொல்கிறது. அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு நல்லது என்றும் பொருள், அழகானது என்றும் பொருள்.

ஊர்க்காரன் அவர்களுக்கு: திருச்சபைச் சட்டம், 1983-ஆம் வருஷத்துத் தொகுப்பு, 1189-ஆம் பிரிவு. பழமையாலோ கலையாலோ மக்கள் வணக்கத்தாலோ மதிப்புப் பெற்ற சுரூபங்களைச் செப்பனிட மறைமாவட்டத் தலைவரான ஆயரின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். அவரும் விவரம் தெரிந்தவர்களைக் கேட்ட பிறகே கொடுக்க வேண்டும். பேரவையில் கைதூக்கி முடிவெடுக்கிற விஷயம் இல்லை இது. நம் தருமபுரி மறைமாவட்டம் 1997-இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. மறைமாவட்டம் புதிது என்பதற்காகக் கோயிலில் இருப்பதெல்லாம் புதிதாகிவிடாது.

பாலக்கோடு வழிப்போக்கன்:
வாத்தியார் ஐயா, “முன்பும்” என்ற வார்த்தையை நீங்களே எழுதிவிட்டீர்கள். அது போதும் எனக்கு. முன்பு என்றால் முன்புதானே? ஏழைகள் எப்போதும் உங்களோடு இருப்பார்கள் என்று இயேசு பெத்தானியாவில் அந்தப் பெண்ணுக்காகப் பேசும்போது சொன்னது பழைய ஏற்பாட்டில் இணைச்சட்டம் 15-இல் வருகிற வரி. அதே வரி, ஆகவே உன் கையைத் தாராளமாகத் திற என்றுதான் முடிகிறது. தைலம் ஊற்றினவள் தன் கையில் இருந்ததை ஊற்றினாள். இங்கே ஊர்ப்பொதுக் காசு.

ஓசூர் இரவுப்பணி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் ரூமுக்குப் போகிற வழியில் ஒரு கோயிலில் பத்து நிமிஷம் உட்காருவேன். பன்னிரண்டு மணி நேரம் டியூப்லைட்டும் மெஷின் மேல் மினுக்குகிற சிவப்பு பச்சை விளக்கும் பார்த்த கண். அங்கேயும் சுரூபத்தைச் சுற்றி அதே விளக்கு ஓடுகிறது. கண்ணை மூடிக்கொண்டுதான் செபிக்கிறேன். படிப்பாளி இல்லை நான். விளக்கு மட்டும் வேண்டாம், அண்ணா.

உளியோசை:
நான் கல்வேலைக்காரன், மரமும் செய்வேன். இத்தனை பேர் பேசியும் யாரும் அந்த மரத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஊர்க்காரன் அண்ணா, கரையான் ஏறினால் மண் அப்பியிருக்கும். மாவு மாதிரி தூள் கொட்டினால் அது உளு, மரத்துக்குள் துளை போடுகிற வண்டு. இப்போதும் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய, சுரூபத்துக்கு அடியில் வெள்ளைத்தாள் விரித்து ஒரு வாரம் விடுங்கள். புதுத்தூள் விழுந்தால் துளைக்குள் ஊசியால் மருந்து ஏற்றி மெழுகால் அடைக்கலாம். தோளில் இருப்பதும் விரிசலாக இருக்காது. இந்த மாதிரிச் சுரூபங்களில் கையைத் தனியாகச் செதுக்கி முளை (மர ஆணி) வைத்து உடம்போடு சேர்ப்பார்கள். பொருத்து விட்டிருக்கும். புது முளை போட்டால் கை நிற்கும். இரண்டு மூன்று நாள் வேலை.

எனாமல் மட்டும் அடிக்காதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். பெயின்டர் சும்மா அடிக்க மாட்டார். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், பட்டி பார்ப்பார், ப்ரைமர் அடிப்பார். மூக்கின் ஓரம், கண் இமைக் கோடு, விலா எலும்பின் பள்ளம் எல்லாம் பட்டியில் மூடிப்போகும். மரம் ஐப்பசியில் ஈரம் குடித்து உப்பும், பங்குனியில் சுருங்கும். எனாமல் தோல் அதோடு கூட அசையாது. வெடித்து உரிந்து, அடியில் இருக்கும் பழைய வர்ணத்தையும் பிடுங்கிக்கொண்டு வரும்.

மனசில் இருக்கிற இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம்ம ஜில்லாவில் நடுகல் இல்லாத பக்கம் எது? ஊர் மாட்டை மீட்கப் போய் அம்பு தைத்து விழுந்தவனைக் கல்லில் நிறுத்தினார்கள், சில கல்லில் உடம்பில் தைத்த அம்பும் தெரியும். வேடியப்பன் என்று இன்றைக்கும் அதற்குப் பொங்கல் வைக்கிறார்கள். அடுத்தவனுக்காகச் செத்தவனின் காயத்தை மறைக்காமல் காட்டின மண் இது. இந்த மண்ணின் கிரானைட் கண்டெய்னரில் ஏறிக் கடல் தாண்டிப் போகிறது, நாம் அச்சில் வார்த்த ஃபைபருக்கு முன்பணம் கட்டுகிறோம். எனக்கு இது தாங்கவில்லை.

ஊர்க்காரன்:
உளியோசை அண்ணா, முளை விஷயம் எங்களுக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. ஆனால் அச்சில் வார்த்ததற்கு அருள் இல்லை என்கிறீர்களா? எங்க வீட்டு மாதா பத்து ரூபாய்ப் படம். அதன் முன்னால்தான் எங்க அம்மா முப்பது வருஷமாக ஜெபமாலை சொல்கிறாள். அந்தக் காலத்துப் பிரெஞ்சுச் சாமியார்கள் கொண்டுவந்த பிளாஸ்டர் மாதாக்களும் அச்சில் வார்த்தவைதானே? அவற்றை மட்டும் பழமை என்று கொண்டாடுகிறோம்.

தருமபுரி வாத்தியார்:
நியாயமான கேள்வி. பாரிஸில் சேன் சுல்பீஸ் கோயிலைச் சுற்றியிருந்த கடைகளிலிருந்து அப்படிப்பட்ட பிளாஸ்டர் சுரூபங்கள் உலகம் முழுக்கப் போயின, ஒரே முகம், ஒரே நீல அங்கி. உங்கள் அம்மாவின் செபத்தைக் குறைத்துச் சொல்ல எவனுக்கும் உரிமை இல்லை. சுரூபத்துக்குச் செய்யும் வணக்கம் அது காட்டும் ஆளுக்கே போய்ச்சேர்கிறது என்று 787-இல் ஆயர்கள் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் சொல்லிவிட்டது, பத்து ரூபாய்ப் படத்துக்கும் அதே கணக்குதான். ஆனால் பொதுப்பீடத்துக்கு எதை வைக்கிறோம் என்பது தனிக் கேள்வி. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு, எந்தக் கலைப்பாணியையும் திருச்சபை தனக்கென்று சொந்தமாக்கிக்கொண்டதில்லை என்கிறது. வெறும் ஆடம்பரத்தைவிட மேன்மையான அழகைத் தேடச் சொல்கிறது. விலைமதிப்புள்ள பழைய பொருள்கள் கைமாறிப் போகாமலும் அழியாமலும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஆயர்களுக்குக் கொடுக்கிறது. பழசு என்பதற்காக நான் வாதாடவில்லை. உங்கள் ஊர் முத்தம் அதில் இருக்கிறது என்பதற்காக.

மாந்தோப்பு:
இரண்டு நாளாக எழுதி எழுதி அழித்தேன். வழிப்போக்கன் தம்பி எசாயாவைக் கேட்டாரே, அதற்கு மட்டும் பதில்.

நேற்று சாயங்காலம் கோயிலில் யாரும் இல்லாதபோது ஸ்டூல் போட்டு ஏறிப் பக்கத்தில் பார்த்தேன். இத்தனை வருஷம் கால்விரலைத்தான் பார்த்திருக்கிறேன். வலது தோள் இடது தோளைவிடக் கீழே இறங்கியிருக்கிறது. உடம்பின் பாரம் ஆணியில் தொங்குகிறவனுக்கு அப்படித்தானே இருக்கும். விலா எலும்பு இரண்டு பக்கமும் ஒன்றுபோல இல்லை. வாய் கொஞ்சம் திறந்து, கீழ்ப்பல் தெரிகிறது. தாகமாயிருக்கிறது என்று சொல்லி முடித்த வாய். பார்க்கத்தக்க தோற்றம் இல்லாதவரை அந்தத் தச்சன் அப்படியே செய்து வைத்திருக்கிறான். பேரவையில் காட்டின புதுச் சுரூபத்தின் போட்டோவில் தலைமுடி வாரினபடி இருக்கிறது, கன்னம் ரோஸ் கலர், வலிக்கிற முகமே இல்லை. எசாயா சொன்னவர் எந்தச் சுரூபத்தில் இருக்கிறார், நீங்களே சொல்லுங்கள் தம்பி.

என் பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. மூத்த மகனை லாரி அடித்துப் போட்ட வருஷம் அவள் பூசைக்கே வரமாட்டேன் என்று இருந்தாள். பெரிய வெள்ளி அன்றைக்கு மட்டும் வந்தாள். முத்தி செய்யவில்லை. அந்த விரலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள், பின்னால் வரிசை அப்படியே நின்றது, சாமியார் ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, நான் சின்னப்பிள்ளை. அடுத்த ஞாயிறு உயிர்ப்புப் பூசைக்கு எனக்கு முன்னாடியே கிளம்பி நின்றாள். ஏழைக்குச் செலவு செய்யுங்கள் என்கிறீர்கள். என் பாட்டியும் ஏழைதான். அவள் பிடித்துக்கொள்ள அந்த ஒன்று இருந்தது.

பாலக்கோடு வழிப்போக்கன்:
அக்கா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. விரலை விட்டுவிடுங்கள், பெயின்ட் படக்கூடாது. ஆனால் முளை போட இரண்டு மூன்று நாள் கூலிதான் என்றால் மீதிப் பணம் மீந்து நிற்கிறது. அந்தக் கேள்வியை நான் விடமாட்டேன்.

ஊர்க்காரன்:
நேற்று ராத்திரி பேரவை கூடியது. நடந்ததைச் சொல்கிறேன். சட்டப்பிரிவை வாசித்தேன், பங்குத்தந்தை ஆயரகத்துக்குக் கடிதம் எழுத ஒத்துக்கொண்டார். பதில் வரும்வரை பழையதை யாரும் தொடக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். இருபதாயிரம் முன்பணம் திரும்ப வராதாம். கொடுத்தவர்களில் மூன்று பேருக்குக் கோபம், ஒருவர் எழுந்து போய்விட்டார், நாளைக்கு அவர் வீட்டுக்குப் போகணும். மீதிப் பணத்தைப் பிள்ளைகள் படிப்புக்கு ஒதுக்கலாம் என்றேன். பாதிப்பேர் சரி என்றார்கள், பாதிப்பேர் தேர் புதுப்பிக்கணும் என்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிட்டோம். வழிப்போக்கன் தம்பி, முடிந்தால் நீங்கள் வந்து பேசுங்கள், இங்கே எழுதினதை அப்படியே.

உளியோசை அண்ணா, சுரூபத்துக்கு அடியில் இன்று காலை வெள்ளைத்தாள் விரித்திருக்கிறோம். ஒரு வாரம் கழித்து போட்டோ போடுகிறேன்.