புதுப்பிப்பு: சைக்கிளில் திடீரென வேகமெடுத்தால் வாட்ச் இதயத்துடிப்பைத் தாமதமாகக் காட்டியது – தீர்வு கிடைத்தது

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் வழியில் பாலம் வந்தால் எழுந்து நின்று மிதிக்கிறேன், மூச்சு வாங்குகிறது, வாட்ச் மட்டும் 118-லேயே நிற்கிறதே, ஏன் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் வாட்சை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே தள்ளி இறுக்கிக் கட்டினேன். சீராக மிதிக்கும்போது சரியாகிவிட்டது, அதற்கு வாட்சே போதும். வேகமெடுத்தால் பழைய கதைதான்.

பலன் தந்தது, இதயத்துடிப்பை அளக்க நெஞ்சைச் சுற்றிக் கட்டும் நெஞ்சுப் பட்டை யோசனை. நண்பரிடம் இரவல் வாங்கி, இரண்டையும் கட்டிக்கொண்டு வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து பாலங்களிலும் முழு வேகத்தில் மிதித்தேன். வெண்ணாற்றுப் பாலத்தில் பட்டை 161 காட்டியபோது வாட்சில் 124. பாலம் தாண்டி நான் ஆசுவாசமான பிறகுதான் வாட்ச் 150-ஐத் தொட்டது. அதற்குள் பட்டையில் துடிப்பு இறங்கத் தொடங்கியிருந்தது! பட்டை இதயத்தின் மின் சமிக்ஞையை நேரடியாகப் பிடிக்கிறது. வாட்ச் தோலுக்குள் பச்சை ஒளி பாய்ச்சி, ரத்த ஓட்டத்தை வைத்துக் கணிக்கிறது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டு மடங்கி, சாலை அதிர்வும் சேர்ந்தால் தடுமாறிவிடுகிறது.

எதிர்பாராத ஒன்று: விடியற்காலையில் முதல் பத்து நிமிடம் பட்டையும் தாறுமாறாகக் காட்டியது. வியர்வை இல்லாமல் காய்ந்திருந்ததுதான் காரணம். இப்போது உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்துக் கட்டுகிறேன், தொடக்கத்திலிருந்தே சரியாக வருகிறது.