காட்டு பிளாக்பெர்ரி ஜாம்: சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கலாமா?

புதர்ப்பக்கம் கேட்டது:

வணக்கம். நான் நடக்கப் போகும் பாதையோரப் புதர்களில் காட்டு பிளாக்பெர்ரி பழுத்துத் தொங்குகிறது. கையெல்லாம் முள் கீறலோடு ஒன்றரைக் கிலோ போலப் பறித்து வந்துவிட்டேன். முக்கால்வாசி நல்ல கறுப்பு, மீதி சிவப்பு. ஜாம் போடலாம் என்று ஆசை. பெக்டின் பொடி சேர்க்காமல் செய்ய வேண்டும்.

தேடிப் பார்த்த குறிப்புகளில் எல்லாம் பழம் எவ்வளவோ அவ்வளவு சர்க்கரை என்றுதான் இருக்கிறது. படித்ததும் பக்கென்றது. பாதியாகக் குறைத்தால் என்ன? இனிப்பு குறையும், அவ்வளவுதானே? அந்தச் சிவப்புப் பழங்களைப் பொறுக்கி எறிந்துவிடலாமா? விதை பல்லில் மாட்டும் என்கிறார்களே, அதற்கு வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சிட்டிகை:

பாதிச் சர்க்கரையில் நான் போடுவதுண்டு. ருசி பிரமாதமாக இருக்கும், பழத்தின் புளிப்பு தூக்கலாகத் தெரியும். ஆனால் ரொட்டியில் தடவினால் ஓரமாக வழிந்து ஓடும். ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நான்கு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஜாம் என்பதைவிடக் கெட்டியான பழச்சாறு என்று சொல்லலாம்.

அகப்பை:

தம்பி, முதலில் அந்தச் சிவப்புப் பழங்களை எறியாதீர்கள். பொடி இல்லாமல் ஜாம் இறுகுவதே அவற்றை நம்பித்தான். பெக்டின் என்பது பழத்திலேயே இருக்கும் பசை. முழுதாகப் பழுக்காத பழத்தில் அது அதிகம், புளிப்பும் அதிகம். நன்றாகக் கனிந்து, தொட்டாலே கையில் உதிர்கிற பழத்தில் ருசி இருக்கும், பசை குறைந்திருக்கும். அதனால் மூன்று பங்கு கறுப்புக்கு ஒரு பங்கு சிவப்பு என்று வேண்டுமென்றே பறிப்பவர்கள் உண்டு. உங்களுக்குத் தெரியாமலே சரியான கணக்கில் பறித்திருக்கிறீர்கள்.

இனி சர்க்கரை. அது இனிப்புக்கு மட்டும் என்று நினைப்பதால்தான் பலருடைய ஜாம் தண்ணியாக நிற்கிறது. பெக்டின் இழைகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து வலை பின்னினால்தான் ஜாம் இறுகும். சுற்றிலும் தண்ணீர் நிறைய இருக்கும்போது அவை தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு தனித்தனியாக மிதக்கும். சர்க்கரை அந்தத் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. புளிப்பு, இழைகள் ஒன்றையொன்று தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்கிறது. இந்த மூன்றில் எது குறைந்தாலும் வலை விழாது. பூஞ்சைக்கும் ஈரம் கிடைக்காமல் செய்வது அதே சர்க்கரைதான். வெந்து முடிந்த ஜாமில் 60 முதல் 65 சதவீதம் சர்க்கரை இருந்தால்தான் கெட்டியாக நிற்கும். கிலோவுக்குக் கிலோ என்கிற பழைய கணக்கு வந்தது இப்படித்தான்.

நான் கிலோ பழத்துக்கு 750 கிராம் போடுகிறேன். கூடவே ஒரு எலுமிச்சையின் சாறு. பிழிந்த பிறகு அதன் விதையையும் உள் வெள்ளைத் தோலையும் ஒரு துணியில் முடிந்து பழத்தோடு வேகவிட்டு, பிறகு எடுத்துவிடுவேன். பெக்டின் அதில் கொட்டிக் கிடக்கிறது, குப்பையில் போட மனசு வராது. இதற்கும் கீழே சர்க்கரை குறைக்க வேண்டுமென்றால் கால்சியத்தோடு சேர்ந்து இறுகும் தனிவகை பெக்டின் இருக்கிறது, சர்க்கரை மிகக் குறைவாக இருந்தாலும் பிடிக்கும். நீங்கள் பொடியே வேண்டாம் என்கிறீர்கள். அப்படியென்றால் 750-இல் நில்லுங்கள்.

செய்முறையில் நான் பிடிவாதமாக இருப்பது இரண்டு விஷயத்தில். பாத்திரம் அகலமாக, விளிம்பு உயரமாக இருக்க வேண்டும். எவர்சில்வர் நல்லது. வெறும் அலுமினியம் புளிப்போடு சேராது. அப்புறம், ஒன்றரைக் கிலோவையும் ஒரே தடவையில் போடாதீர்கள், இரண்டாகப் பிரியுங்கள். அளவு கூடினால் கொதிக்க நேரம் ஆகும், நேரம் ஆக ஆக பெக்டினே உடைந்து போகும். இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும் என்று நிற்பவர்களுக்கு நிறமும் போய், மணமும் போய், கடைசியில் கிடைப்பது வெல்லப்பாகு மாதிரி ஒன்று.

பழத்தைக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, சர்க்கரை சேர்க்காமல் முதலில் குழைய வேகவிடுங்கள். பசை வெளியே வருவது அப்போதுதான். விதை பிடிக்காதவர்கள் இந்தக் கட்டத்தில் பாதியை மட்டும் சல்லடையில் தேய்த்து வடிகட்டலாம். முழுக்க வடித்தால் சதை நிறைய வீணாகும், ஜாமும் வழவழவென்று ஆகிவிடும். பிறகு சர்க்கரையைக் கொட்டி, சிறு தீயில் கடைசி மணிவரை கரைந்த பின்தான் தீயைக் கூட்ட வேண்டும்.

கொதி ஏறும்போது முதலில் நுரை பொங்கும், சின்னச் சின்னக் குமிழாக, சலசலவென்று. கொஞ்ச நேரத்தில் நுரை அடங்கி, குமிழ்கள் பெரிதாகி, மெதுவாக உடைய ஆரம்பிக்கும். சத்தமே மாறிவிடும், பளப்பளப் என்று கனமாகக் கேட்கும். அகப்பையைத் தூக்கிச் சாய்த்தால் துளிகள் தனித்தனியாகச் சொட்டாமல் ஓரத்தில் ஒன்று சேர்ந்து தகடாக விழும். அடுப்பை அணைத்துவிட்டுப் பதம் பார்க்க வேண்டிய நேரம் இது. அணைக்காமல் பார்த்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதம் தாண்டிவிடும். ஃப்ரீசரில் வைத்த சின்னத் தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, விரலால் தள்ளுங்கள். மேல்பரப்பு சுருங்கினால் சரி. வெப்பமானி இருந்தால் 104–105 டிகிரி செல்சியஸ். உயரமான இடத்தில் இருப்பவர்கள் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு டிகிரி கழித்துக்கொள்ள வேண்டும்.

பச்சிலை:

அகப்பை அக்கா அடுப்படியைச் சொல்லிவிட்டார், நான் புதரைச் சொல்கிறேன். பிளாக்பெர்ரி தனி உருண்டை இல்லை, குட்டிக் குட்டி மணிகள் சேர்ந்த கொத்து. பறித்தால் நடுத்தண்டு பழத்தோடே வரும். ராஸ்பெர்ரியில் தண்டு செடியில் நின்றுவிடும், பழம் உள்ளே குழிவாக இருக்கும். மணிகள் இல்லாமல் வழவழப்பாக, பளபளக்கும் கறுப்பில் ஒற்றை உருண்டையாக, கீழே ஐந்து இதழ் நட்சத்திரம் போல விரிந்த பச்சைப் புல்லிவட்டத்தோடு ஒன்றைப் பார்த்தால் கிட்டவே போகாதீர்கள். அது பெல்லடோனா, கொடிய விஷம். பறவை தின்கிறது, நாமும் தின்னலாம் என்பதெல்லாம் கதைக்கு ஆகாது. அதைப் பறவைகள் தின்கின்றன.

வண்டிகள் ஓடும் சாலையோரத்திலும், களைக்கொல்லி அடித்த வேலியிலும் பறிக்க வேண்டாம். பருவம் முடியும் நேரத்தில் பழத்துக்குள் பொடிப் புழு இருக்கும். உப்புத் தண்ணீரில் அரை மணி ஊறவைத்தால் வெளியே வந்துவிடும், பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள். சமைக்கும் வரை கழுவாமல் வையுங்கள். கழுவி வைத்தால் மறுநாளே பூஞ்சை.

சிட்டிகை:

பூஞ்சை என்றதும் ஞாபகம் வருகிறது. ஜாடியில் மேலாக ஒரு பொட்டு வந்தால் வழித்துப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

அகப்பை:

அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் சிட்டிகை. மேலே தெரிவது பொட்டுதான், அதன் இழையும் அது கக்கும் நஞ்சும் கீழே எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மனசு கேட்காதுதான், ஆனாலும் ஜாடியோடு தூக்கிப் போட வேண்டும். சர்க்கரை குறைந்த ஜாமில் இது சீக்கிரமே வரும்.

புதர்ப்பக்கம்:

எல்லோருக்கும் நன்றி. சிவப்பை எறியவில்லை அக்கா. 750 கணக்கிலேயே போடுகிறேன். இரண்டாம் பாதிப் பழத்தை அடுத்த வாரம் வரை ஃப்ரீசரில் வைக்கலாமா? ஜாடி மூடுவதையும் சொல்லிவிடுங்கள்.

அகப்பை:

தாராளமாக வைக்கலாம். உறைந்த பழத்தில் பசை கொஞ்சம் குறையும், அந்தத் தடவை எலுமிச்சையைக் கூட்டிக்கொள்ளுங்கள். உருகவிடாமல் அப்படியே பாத்திரத்தில் போடலாம்.

ஜாடி சூடாக இருக்கும்போதே சூடான ஜாமை ஊற்றுங்கள். ஆறிய கண்ணாடியில் ஊற்றினால் விரிசல் விடும். மேலே அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக இடம் விட்டு, விளிம்பை ஈரத்துணியால் துடைத்து மூடுங்கள். விளிம்பில் ஜாம் ஒட்டியிருந்தால் மூடி பிடிக்காது. மாதக்கணக்கில் வெளியே வைக்கப் போகிறீர்கள் என்றால் மூடிய ஜாடிகளைக் கொதிக்கும் தண்ணீரில் முழுக அமிழ்த்தி 10 நிமிடம் வையுங்கள், உயரமான ஊரானால் இன்னும் கொஞ்ச நேரம். எடுத்து வைத்த பிறகு ஒவ்வொரு மூடியும் டக்கென்று உள்வாங்கும். உள்வாங்காத ஜாடியை ஃப்ரிட்ஜில் வைத்து முதலில் அதைக் காலி செய்யுங்கள். ஒரு நாள் முழுக்க யாரும் சாய்த்துப் பார்க்காமல் இருக்கட்டும், சில ஜாம் இறுகவே அவ்வளவு நேரம் எடுக்கும்.