பழைய கணினியில் மட்டும் லினக்ஸ் பென்டிரைவ் தொடங்க மறுப்பது ஏன்?

ஒட்டுசுட்டான் வாசகர்:
வணக்கம். எங்கள் சனசமூக நிலையத்தில் இரண்டு கணினிகள் உள்ளன. ஒன்று அண்மையில் அன்பளிப்பாகக் கிடைத்த மடிக்கணினி. மற்றையது 2 ஜிபி நினைவகத்துடன் விண்டோஸ் 7 இல் இயங்கும் மேசைக்கணினி. மேசைக்கணினி மிகவும் மெதுவாகிவிட்டதால், அதில் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவ எண்ணி, ஏறக்குறைய 3 ஜிபி அளவுள்ள ஐஎஸ்ஓ கோப்பை இரவுநேர டேட்டாவில் இரண்டு நாட்களாகத் தரவிறக்கினேன்; நடுவே மின்சாரமும் ஒருமுறை தடைப்பட்டது. முதலில் கோப்பை 8 ஜிபி பென்டிரைவில் அப்படியே பிரதி செய்தேன். இரண்டு கணினிகளுமே அதைக் கவனிக்கவில்லை. பின்னர் மடிக்கணினியில் ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுத உதவும் ரூஃபஸ் மென்பொருளைக் கொண்டு எழுதினேன். இப்போது மடிக்கணினி அதிலிருந்து நன்றாகத் தொடங்குகிறது. ஆனால் எதற்காக இவ்வளவும் செய்தேனோ, அந்த மேசைக்கணினி நேரே விண்டோஸுக்கே போய்விடுகிறது. தவறு எங்கே இருக்கிறது?

மாங்குளத்தார்:
ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு வட்டின் நகலை அடக்கிய கோப்பு. அதைப் பிரதி செய்தால் பென்டிரைவில் மற்றுமொரு கோப்பாகக் கிடக்குமே தவிர, கணினி இயங்கத் தொடங்கும்போது தேடுகிற நிரல் உரிய இடத்தில் இராது. ஆகவே ரூஃபஸ் கொண்டு எழுதியது சரியே. உங்கள் சிக்கல், எழுதும்போது 'பார்டிஷன் ஸ்கீம்' (வட்டைப் பிரிக்கும் முறை) என்ற இடத்தில் ஜிபிடி என்ற புதிய முறை தெரிவாகியிருந்ததால் வந்திருக்கும் என நினைக்கிறேன். அவ்வாறு எழுதிய பென்டிரைவ் யூஇஎஃப்ஐ எனும் தொடக்க நிரல் உள்ள புதிய கணினிகளில் மட்டுமே தொடங்கும். உங்கள் மேசைக்கணினியில் அதற்கு முந்தைய தொடக்க நிரலான பயோஸ்தான் இருக்கக்கூடும். எம்பிஆர் என்ற பழைய முறையைத் தெரிவுசெய்து மீண்டும் எழுதினால், கீழே 'பயோஸ் அல்லது யூஇஎஃப்ஐ' என்று வரும். அந்தப் பென்டிரைவ் இரண்டுக்கும் பயன்படும். பென்டிரைவில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று: பழைய பயோஸ்கள் பலவற்றில் பென்டிரைவ் 'ரிமூவபிள்' (கழற்றக்கூடியவை) என்ற பிரிவில் தோன்றாது. வன்தட்டுகளின் பட்டியலுக்குள் சென்று, அங்கே அதை முதலாவதாக மாற்றவேண்டும். இது தெரியாமல் நான் ஒரு முழுப் பிற்பகலை வீணாக்கியிருக்கிறேன்.

வவுனியா ஆசிரியை:
மேலே சொன்னதை ஏற்கிறேன்; ஆனால் மீண்டும் எழுதுவதற்கு முன் கோப்பு முழுமையானதா என்று பார்ப்பதே முதல் வேலை. மடிக்கணினியில் தொடங்கியது அதற்குச் சான்றாகாது; பழுதான பகுதி நிறுவலின் பாதியில்தான் வெளிப்படக்கூடும். ரூஃபஸில் ஐஎஸ்ஓவைத் தெரிவுசெய்ததும், அருகிலுள்ள சரி அடையாளப் பொத்தானை அழுத்தினால் கோப்பின் கைரேகை போன்ற ஷா256 என்ற 64 எழுத்துத் தொடர் கிடைக்கும். அதை மின்ட் தளத்தில் கொடுத்துள்ள தொடருடன் ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் 3 ஜிபியையும் மறுபடி இறக்க வேண்டாம். கோப்புகளைத் துண்டு துண்டாக இறக்கும் டொரன்ட் மென்பொருளில் அதே பதிப்பின் டொரன்டைத் திறந்து, ஏற்கெனவே உள்ள கோப்பை அதற்குக் காட்டினால், பழுதான துண்டுகளை மட்டும் அது இறக்கிக்கொள்ளும். டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் எங்களைப் போன்றோருக்கு இது பெரிய உதவி.

ஒட்டுசுட்டான் வாசகர்:
இருவருக்கும் நன்றி. ஷா256 பொருந்தியது. எம்பிஆர் தெரிவில் மீண்டும் எழுதியும் மேசைக்கணினி மறுத்தது. பிறகு மாங்குளத்து அண்ணா சொன்னவாறே வன்தட்டுப் பட்டியலுக்குள் பென்டிரைவின் பெயர் ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்து மேலே நகர்த்தினேன். இப்போது நிறுவாமலேயே மின்ட் திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது. இணையத்தில் தமிழும் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் நிலையத்தின் பழைய கூட்ட அறிக்கைகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகவே தெரிகின்றன. கோப்புகள் பழுதாகிவிட்டனவா?

வவுனியா ஆசிரியை:
பழுதில்லை, தம்பி. அவை பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். அது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு அல்லாததால், அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும் இவ்வாறே தெரியும். நிறுவும்போது முழு வன்தட்டையும் அழிக்கும் தெரிவைக் கொடுப்பீர்களானால், அதற்கு முன் அறிக்கைகளை வேறொரு பென்டிரைவில் எடுத்துவையுங்கள். அத்துடன் விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையிலிருந்து பாமினியையும் எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவிய பின் அந்த எழுத்துருவை மின்டில் சேர்த்துவிட்டால், அறிக்கைகள் முன்போலவே தமிழில் தெரியும்.